ஏழாம் நம்பர் மிஷினின் இசைத்தட்டு

அனுசுயா பாஸ் போட்ட பனியனை மாட்டிக்கொள்கிற வெள்ளைக்காரனுக்கு, அது எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறது என்று தெரியாது. திருப்பூரில் ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் செக்கிங் சூப்பர்வைசர். டியூப்லைட்டுக்குக் கீழே பீஸை விரிப்பாள், உள்ளே வெளியே திருப்புவாள், தையல் விட்டிருந்தாலோ துணியில் கோடு ஓடியிருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். குறை இல்லையென்றால் பச்சை வட்ட ஸ்டிக்கர். அதில் 'பாஸ்' என்றும், கீழே அவளுடைய நம்பரான பதினாலும் இருக்கும். பச்சை ஸ்டிக்கர் அவள் கையிலிருந்து அவ்வளவு லேசில் கிளம்பாது. ஒருமுறை கண்டெய்னர் வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, முதலாளியே வந்து, "போட்டு உடும்மா, பாத்துக்கலாம்" என்று கையைப் பிசைந்தார். "பாத்துட்டுப் போடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பண்டலைப் பிரித்தாள் அனுசுயா. பார்க்காமல் ஒரு பீஸுக்கும் அவள் பாஸ் போட்டதில்லை.

இப்படிப்பட்ட பெண்பிள்ளைக்குத்தான் டெக்னோ பிடித்துக்கொண்டது.

டெக்னோ என்றால் என்ன என்று கேட்பவர்கள், ஒரு நிட்டிங் யூனிட்டின் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்று பார்க்கலாம். ஏறக்குறைய அதுதான். பாடகர் கிடையாது, பாட்டு வரி கிடையாது, காதலும் இல்லை, கண்ணீரும் இல்லை. தும் தும் தும் தும் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் என்னென்னவோ நுழையும், விலகும். அதிலும் அண்டர்கிரவுண்டு டெக்னோ என்று ஒரு தனிக்கிளை இருக்கிறது. ரேடியோவில் வராது, கல்யாண மண்டபத்தில் போட மாட்டார்கள். உலகத்தில் எங்கெங்கோ சின்னச் சின்னக் கம்பெனிகள் சில நூறு இசைத்தட்டுகள் மட்டும் அடித்து வெளியிடும். வேண்டியவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வாங்குவார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல்.

அனுசுயாவுக்கும் முதல் நாள் அது வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது. எஸ்தோனியா என்ற நாட்டிலிருந்து கைசா என்று ஒரு பெண், தன் இசைத்தட்டுக் கம்பெனிக்காக டீ-ஷர்ட் ஆர்டர் கொடுத்திருந்தாள். முதுகில் பெரிய கியூஆர் கோடு பிரிண்ட். போனைக் காட்டினால் அவர்களுடைய புது வெளியீடு பாடும். பிரிண்ட் மை கொஞ்சம் வழிந்தாலும் கோடு செத்துப்போகும் என்பதால் ஒவ்வொரு ஷர்ட்டையும் ஸ்கேன் செய்து பார்க்கணும் என்று உத்தரவு. ஒரு ஷர்ட்டுக்கு ஒரு ஸ்கேன், ஒரு ஸ்கேனுக்கு ஒரு தும் தும் தும். காலையில் அனுசுயாவுக்குத் தலை வலித்தது. மறுநாள் வலி போன இடம் தெரியவில்லை. அதற்கு மறுநாள் டேபிளுக்கு அடியில் அவளுடைய கால் தானாகத் தாளம் போட்டதைப் பக்கத்தில் இருந்த தேஜஸ்ரீ பார்த்துவிட்டாள். கடைசி ஷர்ட் பெட்டிக்குள் போனபோது அனுசுயாவுக்கு வீட்டிலிருந்து விருந்தாளி கிளம்பிப் போன மாதிரி இருந்தது.

பிறகென்ன, கைசாவின் பக்கத்தைத் தேடிப் போய்ப் புதுசு புதுசாகக் கேட்க ஆரம்பித்தாள். மாதம் ஒரு வெளியீடு வரும். கேட்டுவிட்டு சும்மா இருக்கத் தெரியுமா அவளுக்கு? கீழே ரிப்போர்ட் எழுதினாள், தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷில். 'இரண்டாவது நிமிடத்தில் டிரம் லூஸ். நடுவில் ஷேடு மாறுகிறது. மைனர். மற்றபடி ஓகே.' பெயர் போடுகிற இடத்தில் 'கியூசி பதினாலு' என்று போட்டாள். அந்த ஊர்க்காரர்கள் இதை ஏதோ புதுவிதமான விமர்சனம் என்று கொண்டாடிவிட்டார்கள். தங்கள் பாட்டுக்குக் கியூசி பதினாலு பெரிய குறை என்று 'மேஜர்' போட்டாளா, சின்னக் குறை என்று 'மைனர்' போட்டாளா என்று கலைஞர்கள் காத்துக் கிடந்தார்களாம். கைசா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்த பொம்மைகளாக அனுப்பினாள்.

மகள் கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிறவள், லீவுக்கு வந்தபோது போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். சத்தங்களைப் பிடித்து, வெட்டி, அடுக்கித் தைக்கிற ஆப். தைப்பது என்றதும் அனுசுயாவுக்கு அது புரிந்துவிட்டது. அயர்ன் டேபிளின் ஸ்டீம் சீறல், ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினின் கரகரப்பு, பண்டல் தரையில் விழும் பொத், எல்லாவற்றையும் மதிய இடைவேளைகளில் பிடித்துச் சேர்த்தாள். மூன்று பாட்டு தேறியது. கூச்சத்தோடு கைசாவுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய கையைத் தானே அடித்துக்கொண்டாள். கைசாவிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. இதை இசைத்தட்டாகப் போடப் போகிறேன்.

அன்றைக்கு அனுசுயா தரையில் நடக்கவில்லை. கேண்டீனில் தயிர்சாதத்தில் டீயை ஊற்றிப் பிசைந்தாள். அதையும் சாப்பிட்டாள்.

இந்தக் கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளாத ஒரே ஜீவன் அவளுடைய வீட்டுக்காரர் பெருமாள்சாமி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் பிழைக்க வந்தார்கள். அவர் வேறொரு யூனிட்டில் நிட்டிங் ஆபரேட்டர். வட்டமாகச் சுற்றுகிற மிஷின்களுக்கு நடுவில் நாளெல்லாம் நிற்கிற மனுஷன். வீட்டுக்கு வந்தால் அவருக்குத் தேவை காபி, முறுக்கு, அமைதி. கல்யாணமான புதிதிலேயே மிக்ஸியைக்கூடத் தான் குளிக்கும்போது ஓட்டச் சொன்னவர். "பகல் பூரா மிஷின் சத்தம். வீட்டுலயும் அதே சத்தத்தக் காசில்லாமக் கேக்கணுமா? நீ என்னத்தையும் கேளு தாயி, காதுக்குள்ள வச்சுக் கேளு" என்று இயர்போனை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் மனைவி என்ன செய்கிறாள் என்று ஊருக்கெல்லாம் பெருமையாகச் சொன்னாரே தவிர, அவள் செய்த பாட்டில் ஒரு வினாடியைக்கூட அவர் கேட்டதில்லை. அனுசுயாவும் கேளுங்கள் என்று கெஞ்சவில்லை. உள்ளுக்குள் மட்டும் அந்தக் குறை இருந்தது.

ஒரு சனிக்கிழமை கம்பெனிக்குக் கூரியர் வந்தது. சதுர அட்டைப் பெட்டிக்குள் கறுப்பாக ஒரு தட்டு. நடுவில் வெள்ளைக் காகிதம், அதில் ஒரு எழுத்தும் இல்லை. கூடவே போனில் கைசாவின் தகவல். இது சோதனைத் தட்டு. கேட்டுப் பார்த்து, சரி என்றால் சரி என்று சொல். உன் பதிலுக்குப் பிறகுதான் மற்றவற்றை அடிப்பார்கள். திங்கள் காலைக்குள் பதில் வராவிட்டால் அந்த ஃபேக்டரியில் நமக்குக் கொடுத்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அப்புறம் எப்போது கிடைக்கும் என்று எனக்கே தெரியாது, கிடைக்காமலும் போகலாம்.

இதில் அனுசுயாவுக்கு விளங்காதது எதுவுமில்லை. பல்க் ஓட்டுவதற்கு முன்னால் வருகிற சாம்பிள் இது. சாயம் ஏற்றுகிற டையிங்கில் நம் முறையைத் தவறவிட்டால் என்ன கதியோ அதே கதிதான் அங்கேயும். சோதித்து ஓகே சொல்ல வேண்டியதுதானே, அவள் பிறந்ததே அதற்குத்தானே என்று தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இதைப் போட்டுக் கேட்க அவளிடம் எதுவுமில்லை.

முதலாளி வரச் சொன்னார் என்று தட்டை டேபிளிலேயே வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தால் டேபிளைச் சுற்றிக் கூட்டம். செக்கிங் பெண்கள் நாலைந்து பேர் தட்டை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தேஜஸ்ரீ.

"அக்கா, ஒரு கம்ப்ளைண்ட் இருக்குதுங்க்கா" என்றாள் அவள், முகம் கொள்ளாத அக்கறையோடு. "இந்தப் பக்கம் ஒரு கோடு சுத்தியும் ஓடுது பாருங்க. ஷேடே வேறயா இருக்குது. நான் ஸ்டிக்கர் ஒட்டிட்டேனுங்க்கா."

பார்த்தால் கறுப்புத் தட்டின் மேல் சிவப்பு அம்புக்குறி. அது சுட்டிய இடம், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் எல்லா இசைத்தட்டிலும் விடுகிற வழுவழுப்பான இடைவெளி.

"அடி பாவி மக்கா! அது ரெண்டு பாட்டுக்கு நடுவுல விட்ட சந்துடீ!" என்று அனுசுயா தலையில் கைவைத்தாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் பெண்களும் சிரித்தார்கள். நகத்தால் ஸ்டிக்கரைக் கிள்ளி எடுத்துப் போட்டுவிட்டுத் தட்டைப் பெட்டிக்குள் வைத்தாள்.

சிரித்து முடித்த பிறகு பிளேயர் தேடுகிற படலம் தொடங்கியது. திருப்பூரில் ஊசியென்று கேட்டால் ஆயிரம் விதமான ஊசி கிடைக்கும், இசைத்தட்டில் வைக்கிற ஊசி மட்டும் கிடைக்காது போலிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் டிவிடி பிளேயரை எடுத்துக் காட்டினார். இன்னொருவர் தட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதுக்கு ரிமோட் வருங்களா?" என்று கேட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் புலம்பியபோது பெருமாள்சாமி முறுக்கைக் கடித்தபடி வழி சொன்னார்.

"ஓகேன்னு போட்டு விட்டுரு. பாட்டு ஒன்னோடது. நல்லாத்தான இருக்கும்?"

"பாக்காமயா?"

"கேக்காம."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அனுசுயா. "அடுத்தவுக பனியனுக்கே பாக்காம பாஸ் போடாதவ, என் தட்டுக்குப் போடுவேனா? தப்பு இருந்து அதே மாதிரி எல்லாத் தட்டும் வந்துருச்சுன்னா, நான் எங்க போய் முட்டிக்கிறது?"

அவர் அடுத்த முறுக்கை எடுத்துக்கொண்டார். மேற்கொண்டு பேசினால் இரவுச் சோற்றில் உப்பு கூடிவிடும் என்று அவருக்கு அனுபவம்.

வழி தேஜஸ்ரீ மூலமாக வந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய குற்ற உணர்ச்சியில் அவள் சொந்தக்காரர்களின் ஸ்டேட்டஸையெல்லாம் குடைந்திருக்கிறாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் எடுத்த கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட் வீடியோவில், மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு இசைத்தட்டு பிளேயரைப் பார்த்து உருகிக்கொண்டிருந்தார்கள். தோப்பு தரணீதரன் என்ற போட்டோகிராபருடையது. தேஜஸ்ரீ நம்பர் வாங்கிப் பேசியே விட்டாள். நாளைக்கு ஞாயிறு, அங்கே வேறொரு ஜோடிக்கு ஷூட் இருக்கிறது, வரலாம் என்றார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெருமாள்சாமி வண்டியை ஓட்ட, அனுசுயா பின்னால் தட்டை மடியில் வைத்துக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று அவர் முதுகில் அடித்தாள். பல்லடம் தாண்டிக் காற்றாலைகள் தென்பட ஆரம்பித்ததும் அவளுக்கு ஒரே குதூகலம். அந்த றெக்கைகள்கூடத் தாளத்துக்குச் சுற்றுவதாகச் சொன்னாள். பெருமாள்சாமி, "ஒனக்கு முத்திப் போச்சு" என்றார்.

தோப்பில் தரணீதரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். ஜோடி சரியில்லை. மாப்பிள்ளை பிரதீப் குன்னத்தூர்க்காரர், பெண் மைதிலி கணியூர். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். இருவரும் பாஸ்போர்ட் ஆபீஸில் வரிசையில் நிற்பதுபோல் நின்றார்கள். கிட்ட வாருங்கள் என்றால் ஒரு அங்குலம் வந்தார்கள். சிரியுங்கள் என்றால் பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல் காட்டினார்கள்.

"பிளேயருங்களா? இருக்குதுங்க்கா" என்றான் தரணீதரன். பெட்டி மாதிரித் திறக்கிற புது பிளேயர். "ஆனா இத நான் ஒரு நாளும் பிளக்குல போட்டதில்லைங்க. வாங்குனதே போட்டோவுக்குத்தான். தட்ட நாங்களே கையில சுத்தி உடுவோம்."

மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துப் பிளக்கில் செருகினார்கள். விளக்கு எரிந்தது. தட்டு சுற்றியது. அனுசுயா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். தரணீதரனும் கூடவே குதித்தான், இத்தனை நாளும் அது ஓடும் என்று அவனுக்கே தெரியாதாம். ஷூட்டுக்குக் காதல் பாட்டு போடுகிற பெரிய ஸ்பீக்கரை அதில் மாட்டினான். அனுசுயா ஊசியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

தும். தும். தும். தும்.

இயர்போனுக்குள் கொசுவாக இருந்தது இங்கே யானையாக வந்தது. அவளுடைய அயர்ன் டேபிள் தென்னை மட்டைக்கு மட்டை சீறியது, அவளுடைய ஓவர்லாக் காற்றில் கரகரத்தது. தோப்புக் கோழிகள் தெறித்து ஓடின. மரத்தின்மேல் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை இடுப்பில் செருகிவிட்டுக் கீழே பார்த்தார். அனுசுயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கையில் பேனாவும் தாளும் இருந்தன, காது வேலை பார்த்தது. முதல் பக்கம் முழுசாக ஓடி முடிந்தது. குறை இல்லை. திருப்பிப் போட்டாள். அதில் முதல் பாட்டும் சுத்தம். முடிகிற தறுவாயில்தான் அது வந்தது.

டிக்.

பிறகு மறுபடியும் டிக். இரண்டாவது பாட்டு தொடங்கியது. அதிலும் டிக். தாளத்தோடு சேராமல், தன் போக்கில், சுற்றுக்கு ஒன்றாக.

மற்றவர்களுக்கு அது குறையாகவே படவில்லை. மைதிலிக்கு என்ன ஆயிற்றோ, அடக்கி வைத்திருந்த சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதிக்க ஆரம்பித்திருந்தாள். பிரதீப் அந்த டிக்குக்குச் சரியாகக் கைதட்டினார். "ஏனுங்க, உங்களுக்கு ஆடத் தெரியுங்களா?" என்று அவள் கேட்க, "இப்பத்தாங்க தெரியுது" என்றார் அவர். தரணீதரன் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெறிபிடித்தவன்போல் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான்.

அனுசுயா ஊசியைத் தூக்கினாள். தோப்பு அமைதியாயிற்று.

"மேஜர்" என்றாள். "ரிஜெக்ட்."

"அக்கா, அந்த டிக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு!" என்றார் பிரதீப்.

"நல்லாருக்கு. ஆனா நான் வைக்கலையே." அவள் போனை எடுத்துக் கைசாவுக்குத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். ரிஜெக்ட் என்று போட்டால் புதுச் சாம்பிள் அடிக்கணும். அதற்குள் திங்கள் போய்விடும். இடம் போய்விடும். இந்தத் தட்டு ஒருவேளை வராமலே போய்விடும். எல்லாம் தெரிந்துதான் தட்டினாள். எத்தனை டெய்லர்கள் இந்த முகத்தோடு அவள் டேபிளிலிருந்து பண்டலைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

"நில்லு, நில்லு. அனுப்பாத."

சொன்னது பெருமாள்சாமி. இவ்வளவு நேரமும் தென்னைமரத்தடியில் இளநீரும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

"சுத்துக்கு ஒரு தடவ வருதா?"

"ஆமா."

"ஒரே எடத்துலயா?"

"அப்படித்தான் கேக்குது."

"அப்படின்னா பாட்டுல கோளாறு இல்ல" என்றார் அவர், யூனிட்டில் பேசுகிற குரலில். "எங்க மிஷின்ல துணியில சுத்துக்குச் சுத்து ஒரே கோடு வந்தா, நூல யாரும் மாத்த மாட்டாக. ஊசியப் பாப்போம், இல்லாட்டி ஊசி ஓடுற எடத்தப் பாப்போம். தட்டக் குடு."

தட்டை வாங்கி வெயிலில் சாய்த்தார். செக்கிங் பெண்கள் சாய்த்த அதே சாய்ப்பு. சாய்த்துப் பார்த்தவர், பார்த்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு ஏறிக்கொண்டே போய் இருமலில் முடிந்தது.

தேஜஸ்ரீயின் அம்புக்குறி போய்விட்டது, அதன் பசை போகவில்லை. அந்தப் பசையில் ஒரு பொட்டுப் பஞ்சு. திருப்பூர்ப் பஞ்சுதான், தலைமயிரிலும் டீ கிளாஸிலும் ஒட்டுகிறது, இசைத்தட்டை மட்டும் விட்டுவைக்குமா? சுற்றுக்கு ஒரு முறை ஊசி அந்தப் பஞ்சில் தடுக்கி விழுந்து எழுந்து போயிருக்கிறது.

"பிள்ளைக கோளாறு ஸ்டிக்கர் ஒட்டித்தான் கோளாறே வந்துருக்கு" என்றார் பெருமாள்சாமி. அனுசுயா மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே மைதிலியும் சிரித்தாள்.

பசைக்குத் தேங்காய் எண்ணெய் என்று மைதிலிக்குத் தெரிந்திருந்தது. தோப்பில் அதற்கா பஞ்சம்! பெருமாள்சாமி வேட்டி நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு, தட்டின் வரிகளை ஒட்டியே மெல்ல மெல்லத் துடைத்தார். பிறகு மேக்கப் பெட்டியிலிருந்து வந்த ஷாம்பூவைக் கரைத்து, நடுக்காகிதம் நனையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டார்த் தண்ணீரில் அலசினார். நிட்டிங் மிஷினின் சிலிண்டரைத் துடைக்கிற அதே கை, அதே பொறுமை. நிழலில் காயவைத்தார்கள். அதற்குள் எல்லாருக்கும் இளநீர் வந்தது. காய்ந்ததும் தட்டை அவரே வைத்து, ஊசியையும் அவரே இறக்கினார், நேராக இரண்டாவது பாட்டில்.

டிக் இல்லை. பாட்டு மட்டும் வந்தது. நீளமாக ஒரு உறுமல், அதற்குள் ஆயிரம் ஊசிகள் ஏறி இறங்குகிற சலசலப்பு, அப்புறம் அடியிலிருந்து டக்... டக்-டக்... டக்... டக்-டக் என்று கொஞ்சம் நொண்டுகிற ஒரு தட்டல். அதைச் சுற்றித்தான் மொத்தப் பாட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பெருமாள்சாமி ஸ்பீக்கருக்குக் கிட்டப் போனார். இன்னும் கிட்டப் போனார். காதை வைத்தார்.

"ஏ, இது எங்க ஏழாம் நம்பரு!"

அனுசுயா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"எங்க ஏழாம் நம்பர் மிஷின் இது! இந்த நொண்டி டக்க நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிருவேன். நீ எப்ப பிடிச்ச இத?"

"நீங்க டிபன் பாக்ஸ மறந்து வச்சிட்டுப் போனீகள்ல, அன்னிக்கு. கொண்டாந்து குடுத்துட்டு நின்னேன்ல."

"ரொம்ப நேரம் நின்ன" என்றார் அவர். "ஃபிட்டர் கூட கேலி பண்ணுனாரு, சம்சாரம் ஒன்னையவே பாத்துக்கிட்டு நிக்குதுன்னு. நானும் அப்படித்தான்..." மீதியை விழுங்கிக்கொண்டார்.

"ஒங்களையும்தான் பாத்தேன்" என்றாள் அனுசுயா. "பாத்துக்கிட்டேதான பிடிச்சேன்."

மைதிலி "ஐயோ" என்று பிரதீப்பின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தரணீதரன் நாளெல்லாம் கெஞ்சிக் கிடைக்காத படம் அப்படிக் கிடைத்தது.

பெருமாள்சாமிக்கு இப்போது வேறு கவலை வந்துவிட்டது. "ஆனா அது கோளாறு புள்ள. அந்த டக்கு இருக்கக் கூடாது. சரி பண்ணணும் சரி பண்ணணும்னு நான்தான் தள்ளிக்கிட்டே வாரேன். இத வெளிநாடு பூரா கேப்பாகளே. ரிஜெக்ட் ஆயிருமோ?" கேட்டுவிட்டு, பண்டலோடு டேபிள் முன்னால் நிற்கிற டெய்லர் மாதிரி நின்றார்.

அனுசுயா பாட்டை முடிகிற வரைக்கும் கேட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, ஒரு பச்சை வட்ட ஸ்டிக்கரை உரித்து, தட்டின் நடுவிலிருந்த வெள்ளைக் காகிதத்தில் ஒட்டிக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள்.

"மிஷினுக்குத்தான் அது கோளாறு" என்றாள். "பாட்டுக்கு அதுதான் உசிரே. பாஸ்."

அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கைசாவுக்கு அனுப்பினாள். அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

தட்டுகள் அடித்து வந்தபோது, கைசா அந்தப் படத்தையே நடுக்காகிதத்தில் அச்சடித்திருந்தாள். பச்சை வட்டம், பாஸ், பதினாலு. கம்பெனியில் பெண்கள் ஆளுக்கொரு முறை அதைத் தொட்டுப் பார்த்தார்கள். தேஜஸ்ரீ மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். இரண்டாம் பக்கத்தின் இரண்டாவது பாட்டுக்கு 'ஏழாம் நம்பர்' என்று தமிழிலேயே பெயர் அச்சாகியிருந்தது. யார் யாரோ எங்கெங்கோ அதை வாங்கினார்கள். ஒருவர் கைசாவின் பக்கத்தில், இந்த நொண்டித் தாளத்தை எந்தக் கருவியில் வாசித்தீர்கள் என்று கேட்டிருந்தார். பெருமாள்சாமி அதைப் படிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் யூனிட்டிலிருந்து மதியமே திரும்பினார். முகம் சரியில்லை. காபியைக் கையில் வாங்கியவர் குடிக்கவில்லை.

"ஏழாம் நம்பர இன்னிக்குச் சரி பண்ணிட்டாக" என்றார். "ஃபிட்டர் வந்து கழட்டி மாட்டிட்டாரு. சத்தமே இல்ல. துணி நல்லா வருது."

"நல்லதுதான?" என்றாள் அனுசுயா.

"நல்லதுதான்." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "கிட்டப் போயி நின்னேன். யாரோ மாதிரி இருக்கு."

அனுசுயா போனை எடுத்தாள். பழக்கத்தில் கை இயர்போனைத் தேடியது. அவர் அதை எடுத்து ஜன்னல் மேட்டில் வைத்துவிட்டு, மகள் வாங்கிக் கொடுத்து அட்டை பிரிக்காமல் கிடந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார். "பெருசாப் போடு" என்றார்.

டக்... டக்-டக்... டக்... டக்-டக். பாத்திர அலமாரி அதிர்ந்தது. பெருமாள்சாமி சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு கால் லேசாக ஆட ஆரம்பித்தது.

அவர்கள் குடியிருந்த காம்பவுண்டின் சொந்தக்காரி விஜயகுமாரி வாசலுக்கு வந்துவிட்டார். "ஏனுங்க பெருமாள்சாமி, ஊட்டுல என்னங்க இத்தன சத்தம்? மிக்ஸிக்கே கோவிச்சுக்குவீங்களே!"

பெருமாள்சாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை நீட்டினார்.

"எங்க ஏழாம் நம்பருங்க்கா" என்றார். "உள்ள வாங்க, ஆரம்பத்துல இருந்து போடச் சொல்றேன்."